எம்.சி ரோட்டுல கல்யாணப் பொண்ணு புடவை எடுக்கறப்ப போட்டோ எடுக்கணும், ஐடியா குடுங்க

காசிமேடு கிளிக்:
வணக்கம் மக்களே. ஃபிரண்டோட தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்க ரெண்டு வீட்டுக்காரங்களும் சேந்து சென்னை வண்ணாரப்பேட்ட எம்.சி ரோடு போறாங்க. மண்டபத்துல எல்லாரும்தான் எடுப்பாங்க, நான் புடவை தேடறத நீ எடுத்துக் குடுண்ணான்னு பொண்ணே கேட்டுச்சு. எனக்கும் ரொம்பப் புடிச்சிருக்கு, ஆனா கடைக்குள்ள இதுவரைக்கும் எடுத்ததில்ல. இருக்கறது கிராப் சென்சார் (சின்ன சைஸ் சென்சார்) மிரர்லெஸ் கேமரா, அதோட வந்த கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் லென்ஸ். ஒரு கடைல சும்மா சைலண்ட் ஷட்டர்ல (சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர்) எடுத்துப் பாத்தா படத்துல கோடு கோடா விழுது, ஏன்? ஃபிளாஷ் போடலாமா? அத விட, ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல கேமராவ வெச்சுக்கிட்டு எங்க நிக்கறதுன்னே புரியல. ஞாயித்துக்கிழம போறதா பேச்சு.

ராயபுரம் லென்ஸ்:
ப்ரோ, கோடு விழறது கடை லைட்டால. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால டியூப் லைட்டு, மட்டமான எல்இடி எல்லாம் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, சைலண்ட் ஷட்டருக்குத் தெரிஞ்சிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்திட்டு ஷட்டர் ஸ்பீட 1/100 செகண்டு இல்லாட்டி 1/50ல வைங்க, முக்காவாசி சரியாயிடும். சில எல்இடி அப்பவும் அடங்காது, ஷட்டர கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாக்கணும்.

ஃபிளாஷ் வேணவே வேணாம். ஜரிகை மேல பட்டா வெள்ளையா வெடிச்சிடும், பார்டர்ல இருக்கற வேலப்பாடு ஒண்ணும் நிக்காது. அரக்கு, செவப்பு புடவைக்கு இன்னொரு விஷயம், சாதா ஹிஸ்டோகிராம் (கேமரால வெளிச்ச அளவு காட்டற கிராஃப்) சரியா இருக்கற மாதிரி காட்டும் ஆனா ரெட் சேனல், அதாவது செவப்பு கலர் மட்டும், அளவு தாண்டிப் போயிருக்கும், மடிப்பெல்லாம் ஒரே பெயிண்ட் மாதிரி ஆயிடும். செவப்பு, பச்ச, நீலம் தனித்தனியா காட்டற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் பாத்து கொஞ்சம் கம்மியாவே எக்ஸ்போஸ் பண்ணுங்க, கண்டிப்பா ரா ஃபைல்ல (சுருக்காத முழு டேட்டா) எடுங்க. 50 எம்எம் கிராப் சென்சார்ல 75 எம்எம் மாதிரி கிட்டக்க இழுத்துக் காட்டும், அந்தச் சின்னக் கடைங்கள்ல பின்னாடி நகர இடமிருக்காது. அகலமா காட்டற ஒரு 24 எம்எம் லென்ஸ் வாடகைக்கு எடுத்துக்கங்க.

வியாசர்பாடி அக்கா:
தம்பி, லைட்டு செட்டிங் அவரு சொல்லிட்டாரு, நான் ஆளுங்கள பத்தி சொல்றேன். நானும் கல்யாணம் எடுக்கறவதான். மொதல்ல முந்தின நாளே போய் கடை ஓனர்கிட்ட கேட்டுடுங்க. டிசைன் வெளிய போயிடும்னு நெறய கடைல விட மாட்டாங்க, பொண்ண மட்டும்தான் எடுக்கறேன்னு மொகத்துக்கு நேரா சொன்னா ஒத்துக்குவாங்க. கூட்டத்தோட போய் நின்னு கேட்டா நடக்காது.

வெலை சீட்டு ஃபிரேம்ல வரவே கூடாது. பெரும்பாலும் மாப்ள வீட்டுலதான் முகூர்த்தப் புடவைக்குக் காசு குடுப்பாங்க, அந்த நம்பர் நாளைக்கு சொந்தக்காரங்க குரூப்புல சுத்துச்சுன்னா ரெண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம். ஞாயித்துக்கிழம 4.30 டு 6 ராகு காலம், அதுக்கு முன்னாடி பில்லு போட்டுடணும்னு பெரியவங்க அவசரப்படுத்துவாங்க, பொண்ணு மொகமே மாறிடும். காலைலயே வரச் சொல்லுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். புடவை புடிச்சிருந்தா அத வாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெயில்ல கலர் பாப்பாங்க இல்ல, அதான் உங்க இடம். உள்ள மஞ்ச லைட்டுல ஒரு மாதிரி, வெளிய வேற மாதிரி, அந்த ஒரு நிமிஷத்துல அம்மா, அத்த, பொண்ணு மூணு பேரும் முந்தானைய ஆளுக்கொரு பக்கம் புடிச்சிட்டு நிப்பாங்க, யாருக்கும் உங்க ஞாபகமே இருக்காது. முன்னாடியே போய் வெளில ஓரமா நின்னுக்கங்க. போஸ் குடுக்கறாளேன்னு பயப்படவே வேணாம், பத்தாவது புடவை பிரிக்கறதுக்குள்ள கேமராவ மறந்துடுவா.

மாமியார் ஒண்ணு எடுத்து வைப்பாங்க, பொண்ணுக்குப் புடிக்காது, சொல்லவும் முடியாது. அந்த மொகத்தையும் எடுங்க, ஆனா அந்தப் படம் அவளுக்கு மட்டும் குடுங்க, ஆல்பத்துக்குப் போகக்கூடாது. உடம்புல சுத்திக் காட்டறப்ப துப்பட்டாவ எடுத்துடுவாங்க, அப்ப கேமராவ கீழ எறக்கிடுங்க, கேக்கணும்னே இல்ல.

பெரம்பூர் வெள்ளை கவுன்:
எங்க பக்கம் சர்ச் கல்யாணம் நெறய, வெள்ளை கவுன் இல்லாட்டி வெள்ளைப் புடவை எடுக்கப் போறப்ப கூப்புடுவாங்க. அதுக்கு அப்படியே தலகீழ். வெள்ளை நெறய இருந்தா கேமரா ஏமாந்து சாம்பல் ஆக்கிடும், எக்ஸ்போஷர முக்கா ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு வெளிச்சம்) ஏத்தணும், லேஸ் வெடிக்காம பாத்துக்கணும். மாப்ள கல்யாணத்தன்னிக்குதான் கவுன பாக்கணும்னு சில பொண்ணுங்க நினைப்பாங்க, அதனால ஸ்டேட்டஸ்ல போடறதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட கேட்டுக்கங்க.

காசிமேடு கிளிக்:
அக்கா, வாசல் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, ரொம்ப நன்றி. நாளைக்கே கடைக்குப் போய் பேசறேன். வாசல்ல வெயில், பின்னாடி கடை லைட்டு, ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட கலருக்கு ஏத்த செட்டிங்) எதுக்கு வைக்கறது?

ராயபுரம் லென்ஸ்:
மொகத்துல விழற வெளிச்சத்துக்கு வைங்க, அதாவது வெயிலுக்கு. பின்னாடி கடை மஞ்சளாத்தான் தெரியும், தெரியட்டும், பாக்க நல்லாவே இருக்கும். வண்டில போகாதீங்க, அங்க நிறுத்த எடம் கெடைக்காது, மெட்ரோல போயிடுங்க.