30 நொடி மூடிச் சோதனையை நம்பிப் புதுக் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

இருட்டறை:
புதிதாகக் கேமரா வாங்கியவர்களுக்கு ‘துல்லியம்’ நேற்று இந்தக் குழுவில் ஓர் அறிவுரை எழுதியிருந்தார். லென்ஸ் மூடியைப் போட்டு, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 6400-இல் வைத்து, ஷட்டரை 30 நொடி திறந்து வைத்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம். அதில் ஒரே ஒரு வண்ணப் புள்ளி தெரிந்தாலும், ஒளியைப் படமாக்கும் சென்சார் பழுது, உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். அதைப் படித்துவிட்டு நேற்றிரவே மூன்று பேர் பதறிப்போய் எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார்கள். அந்தச் சோதனையில் தேறும் கேமராவை நான் இதுவரை கையில் தொட்டதில்லை. 24 மெகாபிக்சல் சென்சாரில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் அவை ஒவ்வொன்றிலும் சிறிது மின்னூட்டம் சேர்ந்துகொண்டே இருக்கும். சிலிக்கானில் நுண்ணிய குறை உள்ள இடத்தில் அது விரைவாகச் சேரும். 1/125 நொடியில் கண்ணுக்கே தெரியாத அந்தக் குறை, அதைவிட 3,750 மடங்கு நீண்ட 30 நொடியில் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ பளிச்சிடத்தான் செய்யும். இதற்குப் பெயர் பழுதா?

துல்லியம்:
ஐயா, ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பொருள் அது. புதுப் பட்டுப்புடவையில் ஓர் இழை அறுந்திருந்தால், தள்ளி நின்று பார்த்தால் தெரியாது என்று கடைக்காரர் சொல்வதை எந்த வீட்டில் ஏற்றுக்கொள்வார்கள்? என் கேமராவில் 11 புள்ளிகளை எண்ணியிருக்கிறேன். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு அவை பெருகினால், அந்த இழப்பை நீங்கள் ஈடுகட்டுவீர்களா?

இருட்டறை:
11 புள்ளிகளும் எந்த ஷட்டர் வேகத்தில், அதாவது எத்தனை நொடி திறந்திருந்தபோது, தெரிந்தன என்பதை மட்டும் சொல்லுங்கள்.

காவலூர் வானம்:
எப்போதும் ஒளிரும் பிக்சல், ஒளியே வாங்காத பிக்சல், நீண்ட நேரம் திறந்து வைத்தால் மட்டும் ஒளிரும் பிக்சல் என்று மூன்று வகை உண்டு. நீங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நன்றாக இருக்கும். ஜவ்வாது மலைப் பக்கம் விண்மீன்களைப் படமெடுக்கும் எனக்கு 30 நொடி என்பது சோதனை அல்ல. அதுதான் என் வேலை. கேமராவில் நீள்வெளிப்பாட்டு இரைச்சல் குறைப்பை இயக்கினால், 30 நொடிப் படம் முடிந்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 நொடி இருட்டுப் படத்தைக் கேமரா தானே எடுத்து முதல் படத்திலிருந்து கழித்துவிடும். நேரம் இரட்டிப்பாகும் என்பது ஒன்றுதான் அதில் உள்ள சங்கடம்.

துல்லியம்:
வகை பிரிப்பதெல்லாம் வகுப்பறைக்குச் சரி. என் படத்தில் 11 புள்ளிகள் இருக்கின்றன.

இருட்டறை:
எந்த ஷட்டர் வேகத்தில்?

மதுரைக் கல்யாணம்:
அண்ணன்மார் இருவரும் பொறுக்க வேண்டும். நான் திருமணங்களுக்கு வீடியோ எடுப்பவன். வாங்கி இரண்டு வாரமே ஆன கேமராவில் ஒரு வரவேற்பை எடுத்தேன், ஷட்டர் 1/50. மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் திரையில் அது மட்டும் இடம் மாறாமல் நின்றது. பெண் வீட்டார் அதைத்தான் முதலில் பார்த்தார்கள். ஆகவே 30 நொடியில்தான் தெரியும் என்று இருட்டறை அண்ணன் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மெனுவில் பிக்சல் மேப்பிங் கொடுத்தேன், புள்ளி மறைந்தது. ஆனால் கெட்ட பெயர் மறையவில்லை.

இருட்டறை:
தம்பி, 30 நொடியில் மட்டுமே தெரியும் என்று நான் எங்கும் எழுதவில்லை. 30 நொடியில் தெரிவதைப் பழுது என்று சொல்லாதீர்கள் என்றுதான் எழுதினேன். உங்கள் 1/50 உண்மையான குறை, அதை உத்தரவாதத்தில் சரிசெய்து தரக் கேட்கலாம். ஆனால் மேடை விளக்குகளுக்குக் கீழே கேமரா எத்தனை மணி நேரம் ஓடியது, ஐஎஸ்ஓ என்ன என்பதையும் சொல்ல வேண்டும். சென்சாரின் வெப்பம் ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி கூடும்போதெல்லாம் ஒளியில்லாமலே சேரும் அந்த மின்னூட்டத்தின் வேகம், அதாவது இருட்டு மின்னோட்டம், இரட்டிப்பாகிறது. சித்திரை வெயிலில் மூன்று மணி நேரம் வீடியோ ஓடிய கேமராவையும், காலையில் பெட்டியிலிருந்து எடுத்த கேமராவையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு சென்சாரிலும் குறையுள்ள பிக்சல்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிட்டு, அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பால் அவற்றை நிரப்பித்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் கொடுத்த பிக்சல் மேப்பிங்கும் அதே பட்டியலைப் புதுப்பிப்பதுதான். ஒலிம்பஸிலும் ஃபியூஜிஃபிலிமிலும் அது அதே பெயரில் இருக்கிறது. பானாசோனிக்கில் பிக்சல் ரெஃப்ரெஷ் என்று இருக்கும்.

துல்லியம்:
அப்படியானால் குறையை மறைத்து விற்கிறார்கள் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். சென்ற ஆண்டு முக்காலி விவாதத்திலும் இப்படித்தான் நிறுவனங்களுக்காக வாதாடினீர்கள். கடைசியில் யார் முக்காலி முறிந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

இருட்டறை:
முக்காலியின் கால் முறிந்ததற்கும் சிலிக்கானுக்கும் என்ன தொடர்பு? அந்த முக்காலியில் 9 கிலோ ஏற்றினேன், அது என் தவறு, அன்றைக்கே எழுதிவிட்டேன். உங்கள் 11 புள்ளிகளின் ஷட்டர் வேகத்தை நீங்கள்தான் இன்னும் எழுதவில்லை.

மதுரைக் கல்யாணம்:
பழைய சோனி கேமரா வைத்திருப்பவர்கள் தேதியை ஒரு மாதம் தள்ளி வைத்து, அணைத்துப் போட்டால் புள்ளி போய்விடும் என்கிறார்கள். என் கூட்டாளி செய்தான், போய்விட்டது.

துல்லியம்:
தேதியை மாற்றினால் சென்சார் குணமாகுமா? பரிகாரம் சொல்லும் இடமா இது?

காவலூர் வானம்:
பரிகாரம் இல்லை. அந்தக் கேமராக்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் தாமாகவே பிக்சல்களைச் சரிபார்க்கும் என்பதால், தேதி தாண்டியதும் அந்த வேலையைத் தொடங்குகின்றன. தெரியாததை இகழ வேண்டாம். ஆனால் கேமரா தானாகத் திருத்துவதில் ஆபத்தும் உண்டு. சில சோனி ஏ7 வரிசைக் கேமராக்கள் சில நொடிகளுக்கு மேற்பட்ட படங்களில் ஹாட் பிக்சல், அதாவது ஒளியில்லாமலே ஒளிரும் பிக்சல், என்று நினைத்துச் சிறிய விண்மீன்களையே அழித்துவிட்டன. வானத்தைப் படமெடுப்பவர்கள் கொதித்துப் போனோம். ஒரு புள்ளிகூடக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கடைசியில் எங்கள் வானத்தைத்தான் துடைக்கிறார்கள். விண்வெளியில் உள்ள ஹபிள் தொலைநோக்கியின் சென்சார்களிலும் அண்டக் கதிர்கள் தாக்கிப் புதிய ஹாட் பிக்சல்கள் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைக் குறைக்க மாதந்தோறும் அந்தச் சென்சார்களைச் சூடாக்குகிறார்கள்.

துல்லியம்:
ஹபிளை நான் தவணையில் வாங்கவில்லை. கேமராவை வாங்கியிருக்கிறேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: 11-இல் இரண்டு புள்ளிகள் 1/60-இலும் தெரிகின்றன.

இருட்டறை:
இதை முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று பேரின் தூக்கம் கெட்டிருக்காது. சரி, 1/60-இல், ஐஎஸ்ஓ எவ்வளவு? கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கா, சென்சாரின் தரவை அப்படியே வைக்கும் ராவா? லைட்ரூம் போன்ற மென்பொருள் ராவைத் திறக்கும்போதே இத்தகைய புள்ளிகளைப் பெரும்பாலும் நீக்கிவிடும். ஜேபெக்கில் அப்படியே தங்கிவிடும். நீங்கள் பார்த்தது எதில்?

துல்லியம்:
ஐஎஸ்ஓ 6400. ஜேபெக்.

இருட்டறை:
மறுபடியும் 6400! ஐஎஸ்ஓ 100 அல்லது 200 வைத்து, கேமரா குளிர்ந்திருக்கும்போது, நீங்கள் அன்றாடம் எடுக்கும் வேகத்தில் எடுங்கள். அதிலும் தெரிந்தால் மேப்பிங் செய்யுங்கள். அப்போதும் நின்றால் நானே உங்களோடு சர்வீஸ் சென்டருக்கு வருகிறேன். அதைவிட்டு 30 நொடி, 6400, மூடி என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதீர்கள்.

துல்லியம்:
என் கேமராவில் எந்த ஐஎஸ்ஓ வைப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன். கோவிலுக்குள் ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பவன் நான். 6400-தான் என் அன்றாட ஐஎஸ்ஓ. திங்கட்கிழமை கடைக்குப் போகிறேன், 30 நொடிப் படத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

மதுரைக் கல்யாணம்:
அண்ணா, 1/60 படத்தையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இருட்டறை:
30 நொடிப் படத்தைக் காட்டினால், கண்ணாடிப் பெட்டியில் உள்ள புதுக் கேமராவிலும் அதே படத்தை அவர் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். அதில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணி இங்கே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.