மறு: வண்டியில் 'எர்த்' என்பதற்குத் தமிழ் என்ன?

வணக்கம்.

> வாகன மின்சுற்றுக்கும் 'புவித்தொடர்பு' என்றே எழுதலாமே. பாடநூலில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு?

வீட்டு மின்சாரத்துக்கு அது பொருத்தமான சொல்தான். அங்கே கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறது. வண்டி நிற்பதோ ரப்பர் சக்கரங்களின் மேல். அதன் மின்சாரம் மண்ணைத் தேடிப் போவதில்லை. பேட்டரியின் இன்னொரு முனைக்குத் திரும்பிப் போகத்தான் பார்க்கிறது. விளக்குக்குப் போக ஒரு வயர், திரும்பி வர வயருக்குப் பதிலாக வண்டியின் இரும்பு. அந்த இரும்பைத்தான் நாம் 'எர்த்' என்கிறோம். பழைய தந்தித் தடங்களில் ஒற்றைக் கம்பியை இழுத்துவிட்டு, திரும்பும் வழியாக மண்ணையே பயன்படுத்தினார்கள். அங்கே அந்தப் பெயருக்கு அர்த்தம் இருந்தது.

பெயர் பொருந்தவில்லை என்பது மட்டும் குறையாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். பொருந்தாத பெயரோடு எத்தனையோ சொற்கள் நன்றாகவே வாழ்கின்றன. என் குறை வேறு. பட்டறைப் பேச்சில் இந்த ஒரே சொல் இரண்டு நேரெதிர்ப் பழுதுகளைக் குறிக்கிறது. அதில் சிக்கி வார விடுமுறைகள் இரண்டை இழந்தவன் நான்.

என்னிடம் இருப்பது இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பிக்கப். ஒருநாள் மாலை பிரேக்கை மிதித்தால் முகப்புப் பலகையில் வலது இண்டிகேட்டர் அம்பு மங்கலாக எரிந்தது. பின்விளக்கைப் போட்டால் எரிபொருள் முள் தானாக நகர்ந்தது. தெரிந்த மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். "எர்த் பிரச்சினைங்க, பாருங்க" என்றார். அவர் சொன்னது சரி. நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன். 'எர்த் ஆகிறது' என்றால் மின்சாரம் வரும் வயர் எங்கோ உறை கிழிந்து பாடியில் தட்டுகிறது என்றுதான் எனக்குப் பழக்கம். வண்டிக்கு அடியில் படுத்து, வயர்க்கட்டு முழுவதையும் பிரித்து, கிழிசலைத் தேடினேன். கிழிசல் எங்கும் இல்லை. அவர் சொல்ல வந்தது 'எர்த் கிடைக்கவில்லை' என்பது. அதாவது திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது. ஒன்றில் தொடக்கூடாத இடத்தில் தொடுகிறது, மற்றதில் தொட வேண்டிய இடத்தில் தொடவில்லை. (ஃபியூஸ் போகாததைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். வயர் நேராக இரும்பைத் தொட்டிருந்தால் அது முதலில் போயிருக்கும்.)

ஆகவே என் முன்மொழிவு, இரண்டுக்கும் இரண்டு சொல். முதலாவதற்குப் பட்டறையே சொல் வைத்திருக்கிறது: 'தட்டுது'. அதை அப்படியே எடுத்து 'உடல்தட்டு' என்று பெயர்ச்சொல்லாக்கலாம். இதைப் பற்றி அதிகம் வாதாட மாட்டேன். இரண்டாவதில் அறுந்து போவது எதுவோ, அதற்கு 'மீள்தடம்' என்கிறேன். 'மீள்தடம் விட்டுப்போச்சு' என்று சொன்னால் யாரும் கிழிசலைத் தேடப் போக மாட்டார்கள்.

> 'எதிர்முனை' போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல்.

போதாது. இன்றைய வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனைதான் இரும்போடு இணைந்திருக்கிறது, உண்மை. ஆனால் ஃபோர்டு பிக்கப்களில் 1955 வரை 6 வோல்ட் அமைப்பு. அதில் நேர்முனைதான் சட்டத்தோடு (சேஸி) இணைந்திருந்தது. 1956-இல்தான் 12 வோல்ட்டுக்கும் எதிர்முனை இணைப்புக்கும் மாறினார்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் நேர்முனை வகையே. பழைய வண்டிகளைப் பற்றி எழுதும்போது 'எதிர்முனை' என்று பொதுவாகச் சொல்லி வைத்தால், அதை நம்பி யாராவது பேட்டரியைத் தலைகீழாக மாட்டுவார்.

> அப்படியானால் 'உடலிணைப்பு'. பாடி எர்த் என்பதன் நேர்த்தமிழ்.

இது எனக்கும் முதலில் பிடித்திருந்தது. மாற்றியது பிக்கப்தான். காரில் பெரும்பாலும் ஒரே ஓடு. பிக்கப்பில் எந்த உடலைச் சொல்வது? கேபின் தனி, பின்னால் லோடு தொட்டி தனி, கீழே சட்டம் தனி, எஞ்சின் தனி. கேபினும் எஞ்சினும் ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. தொட்டியைப் போல்ட் போட்டுச் சட்டத்தில் இறுக்கியிருப்பார்கள். இடையில் பெயிண்ட், சேறு, துரு. இந்தத் தீவுகளை இணைப்பவை சில பின்னல் பட்டைகளும் ஒன்றிரண்டு வயர்களும் மட்டுமே. பின்விளக்கின் மின்சாரம் தொட்டி, சட்டம், எஞ்சின் என்று ஏறி இறங்கித்தான் பேட்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு போல்ட்டின் கீழே துரு பிடித்தால் போதும். இணைப்பு என்பது ஒரு புள்ளி. இங்கே பழுதாவது ஒரு நெடும் பாதை. 'தடம்' என்ற பகுதியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

என் வண்டியில் குற்றவாளி தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த பட்டை. கண்டுபிடித்த வழி எளிது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் இன்னொன்றைப் பின்விளக்கு ஹோல்டரின் இரும்பிலும் பிடித்தேன், விளக்கு எரியும்போதே. அது முக்கியம். தடம் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எனக்கு 4.8 காட்டியது. பேட்டரி தந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருவே தின்றுகொண்டிருந்தது. நீண்ட வயர் ஒன்றைத் தற்காலிகமாகப் பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஹோல்டரின் இரும்புக்கு இழுத்ததும் அம்பு அணைந்தது, முள் தன் இடத்துக்கு வந்தது.

மீட்டரை ஓம் (மின்தடை) அளவில் வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நானும் பார்த்து ஏமாந்திருக்கிறேன். பட்டையில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும்; அது அனுப்பிப் பார்க்கும் மின்னோட்டம் அவ்வளவு சிறியது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடையே 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். அந்த 0.01-ஐச் சாதாரண மீட்டரால் காட்டவே முடியாது, அதன் வயர்களின் தடையே அதைவிட அதிகம். இப்படி எரியவிட்டு அளப்பதை 'மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை' என்று எழுதுகிறார்கள். நீளம்தான், ஆனால் யாரும் குழம்புவதில்லை, இருக்கட்டும்.

இனி, எனக்கே சொல் கிடைக்காத ஒன்று. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் அம்பு ஏன் எரிந்தது? திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் சும்மா நிற்பதில்லை. என் வண்டியில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே ஹோல்டரில் திரும்பும் வழியைப் பங்குபோடுகின்றன. பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம், பக்கத்து இண்டிகேட்டர் பல்புக்குள் பின்பக்கமாக நுழைந்து, அதன் வயரில் எதிர்த்திசையில் ஏறி, முன்னால் இருக்கும் இண்டிகேட்டர், அம்பு ஆகியவற்றின் வழியாகக் கேபினின் நல்ல இரும்பைப் பிடித்துவிட்டது. இதைவிட விபரீதமும் உண்டு. பேட்டரியின் எதிர்முனை எஞ்சினில் இல்லாமல் சட்டத்தில் இணைந்திருக்கும் வண்டிகளில், எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலான பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சுட்டுப் புகையும். கேபிளை மட்டும் மாற்றினால் புதியதும் அதேபோலக் கருகும்.

இந்தக் குறுக்குவழிப் போக்குக்கு ஒரு சொல் வேண்டும். 'கள்ளவழி' என்று ஒருவர் எழுதியிருந்தார். பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மின்சாரம் இங்கே திருட்டு எதுவும் செய்யவில்லை, வாசலை நாம் அடைத்ததால் சன்னல் வழியாகப் போகிறது. 'புறவழி' என்று வைக்கலாம் என்றால் அது நெடுஞ்சாலைக்காரர்களிடம் இருக்கிறது. அங்கே அது நல்ல காரியமும்கூட. 'எதிரேற்றம்' என்று ஒன்று தோன்றியது, எதிர்த்திசையில் ஏறுவதால். ஆனால் 'ஏற்றம்' என்றதும் பேட்டரிக்கு மின்னேற்றுவது நினைவுக்கு வருகிறது.

வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். 'பின்னூட்டம்' மட்டும் வேண்டாம். நான் இப்போது உங்களிடம் கேட்பதே அதைத்தான்.