இரண்டு டைம் சேர்வர்: ரெஃப்ஐடிக்குப் பேர் எங்கே குடுக்கிறது?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் ஒரு டைம் சேர்வர் (மற்றக் கணினிகளுக்கு நேரம் சொல்வது), 10.20.5.5. கல்முனைக் கிளையில் இன்னொன்று, 192.168.8.5. அதன் ரவுட்டர் 10.20.2.1, யுடிபி 123ஐ (நேரக் கேள்விகள் வரும் போர்ட்) உள்ளே திருப்பி விடுது. இரண்டிலும் க்ரோனி (நேரம் ஒத்திசைக்கும் மென்பொருள்), ஒன்றையொன்று கேட்குது, இரண்டிலும் 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10 ஆர்ஃபன்' (வெளி நேரம் இல்லாதபோது தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்கும் வரி). வெளி லைன் விழுந்தால் ஸ்ட்ராட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி) 11, 12 என்று ஏறுது. ரெஃப்ஐடி (எந்த மூலத்தைப் பின்பற்றுது என்று சொல்லும் அடையாளம்) வேறவேறயா வைக்க ஹோஸ்ட்நேம் போடலாமா?

கோளாவில்:
போட ஏலாது. நாலெழுத்து வரையான பேர் ஜிபிஎஸ், பிபிஎஸ் (செக்கனுக்கொரு துடிப்பு) மாதிரி நேரடிக் கடிகாரத்துக்குத்தான். ஸ்ட்ராட்டம் 2இலிருந்து அந்த 32 பிட்டில் இருக்கிறது தான் பின்பற்றுகிற சேர்வரின் ஐபிவி4 முகவரி. க்ரோனியின் 'குரோனிசி டிராக்கிங்' கட்டளையில் பதினாறடிமானத்தில் வரும். 10 என்பது 0ஏ என்று நிற்கும்.

பழுது ரவுட்டரில. ஆர்ஃபனில் ஒவ்வொரு சேர்வரின் முகவரியையே ரெஃப்ஐடியாக ஒப்பிடும், சின்னது உள்ளவர்தான் தலைவர். மட்டக்களப்பு கல்முனையை 10.20.2.1 என்று காணுது, அது தன் 10.20.5.5ஐ விடச் சின்னது, அதனால் பின்னால போகுது. கல்முனை தன்னை 192.168.8.5 என்று நினைக்குது, அதை விட 10.20.5.5 சின்னது, அதுவும் பின்னால போகுது. இரண்டு பேரும் மற்றவரைத் தலைவர் என்கிறார்கள். வழமையாக மற்றவரின் ரெஃப்ஐடியில் 'என் முகவரியே திரும்பி வருது' என்று க்ரோனி கண்டுபிடித்து வளையத்தை விலக்கும். இங்கே மட்டக்களப்பு மட்டும்தான் அப்படிக் கண்டுபிடிக்கும்; கல்முனைக்கு வருவது ரவுட்டர் முகவரி, தன்னுடையதென்று அதுக்குத் தெரியாது.

போர்ட் திருப்பலை எடுத்துவிட்டு, கல்முனைக்கு விபிஎன் வழியாக நேரே ரூட் ஆகிற முகவரி குடுங்க, உதாரணம் 10.20.8.5. இரண்டிலும் 'அலவ் 10.20.0.0/16' (அந்த முகவரிகளுக்குப் பதில் சொல்ல விடும் வரி) இருக்கவேணும். பிறகு 10.20.5.5 தலைவர்.

அலையடி:
மேலே சொன்னது சரி. கூடவே அந்த லோக்கல் வரியில் 'டிஸ்டன்ஸ் 0.1' (நேரப் பிழை வரம்பு எவ்வளவு ஆனபின் லோக்கல் தொடங்கவேணும் என்பது) போடுங்க. இயல்பு 1.0 செக்கன், ஒத்திசைந்த சேர்வர் லைன் அறுந்தபிறகு அந்த அளவுக்கு வர நாட்கணக்கில் போகலாம்.

வாவிக்கரை:
நன்றி. ஐபிவி6உம் இருக்கு, பெயரால் கேட்டால் பிரச்சினையா?

கோளாவில்:
பிரச்சினைதான். ஐபிவி6இல் ரெஃப்ஐடி முகவரியின் எம்டி5 சுருக்கக் குறியீட்டின் முதல் நாலு பைட். ஒருவர் 6ஆலும் மற்றவர் 4ஆலும் கேட்டால் திரும்பவும் பொருந்தாது. சேர்வர் வரியில் பெயர் வேண்டாம், ஐபிவி4 முகவரியையே எழுதுங்க.

அலையடி:
அக்கரைப்பற்றில் மூன்றாவது வைத்தால், ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் கேட்கவேணும். வட்டமாக ஒவ்வொருவரும் அடுத்தவரை மட்டும் கேட்டால் ரெஃப்ஐடி காப்பாத்தாது, அது நேரே பின்பற்றுகிற ஒரு சேர்வரை மட்டுமே காட்டும்.