பரீட்சையை 'ரைட்' பண்ணுவதா, 'டேக்' பண்ணுவதா?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:

ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம், கேரளா சிலபஸ். பிளஸ் டூ சித்தூரில், நர்சிங் கோயம்புத்தூரில். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கல்லூரியில் இரண்டையும் கலந்து ஒரு ஆங்கிலம், அப்படித்தான் வளர்ந்தேன். இப்போது வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி, அதாவது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலப் பரீட்சை, அதற்குக் கோச்சிங் போகிறேன். போன வாரம் பேச்சுப் பயிற்சியில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் டிரெய்னர். நானும் தைரியமாக "ஐ பாஸ்டு அவுட் இன் 2021" என்றேன். "அப்புறம் யார் தண்ணீர் தெளித்தார்கள்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, எனக்கு மட்டும் புரியவில்லை. பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவதாம்!

அதோடு விட்டாரா? "ஐ ஆம் ரைட்டிங் ஓஇடி இன் மார்ச்" தப்பு, "ஐ பைஹார்ட்டட்" தப்பு, "ஐ ஹேவ் எ டவுட் சார்" என்று கையைத் தூக்கினால் அதுவும் தப்பு. இத்தனை வருஷம் படித்து முடித்த பிறகு, படிப்பைப் பற்றிப் பேசவே எனக்கு வார்த்தை இல்லை என்று ஆகிவிட்டது. இதில் எது நிஜமாகவே தப்பு, எது டிரெய்னரின் ஜம்பம்? தயவுசெய்து லிஸ்ட் போடாதீர்கள். லிஸ்ட் என்னிடம் எட்டுப் பக்கம் இருக்கிறது, ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை.

பொள்ளாச்சி பழைய வாத்தியார்:

முதலில் அழுகையை நிறுத்தம்மா. "ரைட் அன் எக்ஸாம்" தப்பே இல்லை. கனடாவில் சொல்கிறார்கள், தென்னாப்பிரிக்காவில் சொல்கிறார்கள். நமக்கு அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். தமிழில் பரீட்சை எழுதுகிறோம், மலையாளத்தில் பரீக்ஷ எழுதுகிறார்கள், தெலுங்கில் பரீக்ஷ ராய்கிறார்கள், மூன்று பேருக்கும் அது கையால் செய்கிற வேலை. இந்திக்காரர்களுக்கோ அது கொடுக்கிற வேலை, பரீக்ஷா தேனா. அதனால் அவர்கள் "ஐ கேவ் த எக்ஸாம்" என்பார்கள். உண்மையில் அதுதான் வம்பு, ஏனென்றால் ஆங்கிலத்தில் பரீட்சையை 'கிவ்' பண்ணுவது வாத்தியார், 'டேக்' பண்ணுவது மாணவர். 'டேக்' எங்கே போனாலும் செல்லும். பிரிட்டனில் 'சிட் அன் எக்ஸாம்' என்பதும் உண்டு. அதனால்தான் ஃபெயிலாகி மறுபடி எழுதினால் அவர்களுக்கு 'ரீசிட்'.

ஆனால் 'பாஸ் அவுட்' விஷயத்தில் டிரெய்னர் சொன்னது சரி. படிப்பு முடிந்து வெளியே வருவது என்ற அர்த்தம் ராணுவத்தில் இருக்கிறது, சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி முடிக்கும்போது நடப்பது பாஸிங் அவுட் பரேடுதான். கல்லூரிக்கு 'ஐ கிராஜுவேட்டட் இன் 2021' என்று சொல்லிவிட்டுப் போ. இதற்காக ஓஇடியில் மார்க் போகாது, அங்கே பேச்சுத் தேர்வில் முதலில் வருகிற அறிமுகப் பேச்சுக்கு மார்க்கே கிடையாது. அதற்கப்புறம் நோயாளியிடம் பேசுவது போல நடிக்கிற இரண்டு ரோல்பிளேதான் கணக்கு. ஆனால் அந்த ரோல்பிளேயில் நோயாளி "ஐ பாஸ்டு அவுட் இன் த கிச்சன்" என்று சொன்னால், எந்த வருஷம் என்று கேட்டுவிடாதே.

நகரி தறிக்காரன்:

சார் கடைசி வரி 😂😂

தங்கச்சி, எங்கள் ஆந்திரா பக்கமும் ஒரு சித்தூர் இருப்பதால் முதலில் நம்ம ஊர்ப் பெண் என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு, அதனால் என் ஆங்கிலமும் உங்களுடையது போலத்தான். எனக்கு இடித்தது 'அரியர்'. திருத்தணியில் இருக்கும் மாமா பையன் அரியர் என்பான், இங்கே அதையே பேக்லாக் என்போம், சப்ளிமெண்டரி என்போம், உங்கள் பக்கம் சப்ளி. பெயர்தான் வேறு வேறு, வலி ஒன்றுதான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீடியோவில் எடுத்த இண்டர்வியூவில் நான் மாமா பையன் பாஷையில் "ஐ ஹேட் த்ரீ அரியர்ஸ், ஐ கிளியர்டு ஆல்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்த மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. வாடகை பாக்கியா, கடன் பாக்கியா என்று கேட்காத குறை! ஆங்கிலத்தில் அரியர்ஸ் என்றால் கட்டாமல் நிற்கிற பணம். 'ஐ ஃபெயில்டு த்ரீ பேப்பர்ஸ் அண்ட் பாஸ்டு தெம் லேட்டர்' என்று உடைத்துச் சொல்லியிருந்தால் மானம் பிழைத்திருக்கும்.

இன்னொன்று, நமக்கு 'ரீட்', 'ஸ்டடி', 'லேர்ன்' மூன்றும் குழம்புவதற்குக் காரணம் தாய்மொழிதான். தமிழில் பேப்பர் படிக்கிறோம், பரீட்சைக்கும் படிக்கிறோம். தெலுங்கிலும் இரண்டுக்கும் சதுவுதான். அதனால் நம்மவர்கள் "ஐ ரெட் வெல் ஃபார் த எக்ஸாம்" என்கிறோம். மலையாளத்தில் எப்படி?

மறையூர் கரும்பு:

மலையாளத்தில் வெட்டு வேறு இடத்தில் விழுகிறது அண்ணா. வாசிப்பது வாயிக்கல், அது தனி. ஆனால் ஸ்டடி, லேர்ன் இரண்டுக்கும் படிக்கல்தான். அதனால் என்னுடன் படித்த மலையாளப் பிள்ளைகள் "ஐ ஸ்டடீட் ஸ்விம்மிங்" என்பார்கள். நீச்சலை உட்கார்ந்து புத்தகத்தில் ஸ்டடி பண்ணினால் மூழ்கத்தான் வேண்டும். புத்தகத்தை வைத்துக்கொண்டு உழைப்பது ஸ்டடி, அது மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் லேர்ன், சும்மா கண் ஓடினால் ரீட். நான் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

பைஹார்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. 'லேர்ன் பை ஹார்ட்' சரியான ஆங்கிலம்தான், அதிலிருந்து பின்பகுதியை வெட்டி எடுத்து 'பைஹார்ட்டட்' என்று வினையாக்கியது நாம். எனக்கு அது பிடிக்கும், ஆனால் வெளியே விலை போகாது, 'மெமரைஸ்' என்று சொல்லிக்கொள்ளலாம். 'கிராம்' வேறு. மூட்டையில் துணியைத் திணிக்கிற மாதிரி கடைசி ராத்திரி உட்கார்ந்து திணிப்பது அது, காலையில் பாதி வழியில் கொட்டிவிடும்.

அப்புறம் நம்ம கேரளா கேள்வித்தாளின் தலையில் இருக்குமே, கூல் ஆஃப் டைம், 15 நிமிஷம்? அதை வெளியூரில் சொல்லாதீர்கள். கேள்வித்தாளை வாசிக்கக் கொடுக்கிற நேரம் 'ரீடிங் டைம்'. 'கூலிங் ஆஃப் பீரியட்' என்று ஒன்று இருக்கிறது, அது பாலிசி மாதிரி ஏதாவது எடுத்துவிட்டு மனசு மாறினால் திருப்பிக் கொடுக்கிற அவகாசம். பரீட்சை ஹாலில் அந்த வசதி இருந்தால் நான் கணக்குப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:

எல்லாருக்கும் நன்றி, எட்டுப் பக்க லிஸ்ட்டில் ஏறாதது இதில் ஏறிவிட்டது. ஆனால் 'டவுட்' ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. சார்?

பொள்ளாச்சி பழைய வாத்தியார்:

நமக்கு டவுட் என்றால் தெரியாததைக் கேட்பது. அவர்களுக்கு அது நம்பிக்கைக் குறைவு. வார்டில் டாக்டரிடம் போய் "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் திஸ் டோஸ்" என்றால், நீங்கள் எழுதியது தப்பு போலத் தெரிகிறதே என்று சொன்ன மாதிரி. நிஜமாகவே அப்படித் தோன்றினால் தாராளமாகச் சொல். வெறுமனே கேட்கிறாய் என்றால் 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'. உன் வேலையில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

மறந்துவிட்டேன், 'ரிவைஸ்' பற்றி. பிரிட்டனில் பரீட்சைக்கு முன்னால் பாடத்தைத் திரும்பப் பார்ப்பது ரிவைஸ், நம் பழக்கமும் அதுதான். அமெரிக்காவில் அதற்கு 'ரிவ்யூ', ரிவைஸ் என்றால் எழுதியதைத் திருத்துவது. ஹாலில் காவல் நிற்பவரும் பிரிட்டனில் இன்விஜிலேட்டர், அமெரிக்காவில் பிராக்டர். எந்த ஊருக்குப் போகிறாய்?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:

பிரிட்டன் சார். 350 வாங்கினால் பி, அதை எடுத்து எப்படியாவது பாஸாகிவிட வேண்டும்.

பொள்ளாச்சி பழைய வாத்தியார்:

ஓஇடியில் பாஸ், ஃபெயில் என்று போடுவதில்லையே, கிரேடுதான். ரிசல்ட் வந்ததும் இங்கே வந்து 'ஐ காட் எ பி' என்று எழுது.

நகரி தறிக்காரன்:

தங்கச்சி ஏ வாங்கினால் என்ன சார் எழுதுவது 😄

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:

ஏ வந்தால் நிஜமாகவே பாஸ் அவுட் ஆகிவிடுவேன் அண்ணா. தண்ணீரோடு ரெடியாக இருங்கள்.