நஜீ ஹாரிஸ் இடத்தை ஜேலன் வாரன் நிரப்புவாரா?

அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். அலுவலகத்தில் ஃபேன்டஸி லீக் ஆடுகிறோம் (நிஜ வீரர்களை நம் அணிக்கு எடுத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு). பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் பந்தை ஏந்தி ஓடும் ஜேலன் வாரனை எடுக்கலாமா என்று மண்டை குடைகிறது.

அங்கே முதன்மை ஓட்டக்காரராக இருந்த நஜீ ஹாரிஸ் 2025இல் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். பிட்ஸ்பர்கில் ஆடிய 4 சீசனிலும் 1,000 கெஜத்தைத் தாண்டியவர், லீக் ஆட்டம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. பார்க்கச் சலிப்பான ஓட்டம்தான், ஆனால் மாடு மாதிரி உழைத்தார்.

வாரன் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வு) யாரும் சீந்தாத ஆள். ஆனால் 2023 கணக்கைப் பாருங்கள்: நஜீ 255 முறை ஓடி 1,035 கெஜம், இவர் 149 முறையில் 784. ஓட்டத்துக்கு 5.3 கெஜம்! குள்ளமான உடம்பை வைத்துக்கொண்டு, பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருபவனை நெஞ்சோடு முட்டி நிறுத்துவார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும் (ஃபேன்டஸியில் அதற்குப் புள்ளி கிடையாது, என்ன செய்ய).

என் சந்தேகம் இதுதான்: நஜீ களைப்பாக்கி வைத்த தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக ஓடியதால் வந்த சராசரியா அது? 250 முறை பந்தைக் கொடுத்தால் உடம்பு தாங்குமா? 2025 டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் ஸ்டீலர்ஸ் எடுத்த ஓட்டக்காரர் கேலப் ஜான்சன் வேறு பங்குக்கு நிற்கிறார். ஸ்டீலர்ஸ் ஆட்டத்தை விடாமல் பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.