சின்ன வயசுல பாத்த கார்ட்டூன், இப்ப மனச உறுத்துற சீன்: உங்க அனுபவத்த சொல்லுங்க

மாடிப்படி மைனா:
டாம் அண்ட் ஜெர்ரில அந்த தண்டவாள எபிசோட் யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா? 1956ல வந்தது, ஜெர்ரியோட குரல்லயே முழுக் கதையும் போகுமே அது. போன வாரம் பாப்பா சாப்பிட மாட்டேன்னு ஒரே அடம், நாம பாத்து வளந்ததுதானேன்னு போட்டு விட்டுட்டு தோசை ஊத்தப் போயிட்டேன். வந்து பாத்தா, டாம் ஆசப்பட்ட வெள்ளப் பூனை பணக்காரப் பூனை கூட போயிருச்சு, டாம் பாலக் குடிச்சுக் குடிச்சே போதையாகிக் கெடக்கு, கடைசில போய் தண்டவாளத்துல உக்காந்துருச்சு. ஜெர்ரியோட ஆளும் வேற எலியக் கட்டிக்கிட்டு கார்ல போகுது, ஜெர்ரியும் பக்கத்துல போய் உக்காந்துக்குது. ரயில் சத்தம். அவ்ளோதான், முடிஞ்சிருச்சு. பாப்பாக்கு அஞ்சு வயசு, வாய்ல தோசைய அதக்கிக்கிட்டே "ரயில் வருதுல்லம்மா, ஏன் ரெண்டு பேரும் எந்திரிக்கல?"ங்குறா. கரண்டியோட அப்படியே நின்னுட்டேன்.

எட்டாம் நம்பர் பஸ்:
எனக்கு ஷின்சான். ஹங்காமா சேனல்ல வந்தத 2008ல அரசாங்கம் தடை போட்டுச்சே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அக்காவப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க, கூடம் நிறைய ஆளு, தம்பிக்கு நாலு வயசு, நடுவுல வந்து டவுசர எறக்கிட்டு ஷின்சான் பின்பக்கத்தக் காட்டி ஆடுமே அந்த ஆட்டம் ஆடிட்டான். மொதல்ல மாப்பிள்ள வீட்டுல சிரிச்சாங்கதான். அப்பா எந்திரிச்சு விட்டாரு பாருங்க ஒரு அறை. தம்பி அழக்கூட இல்ல, எல்லார் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தான், எதுக்கு அடி விழுந்துச்சுன்னே அவனுக்குப் புரியல. டெய்லி பக்கத்துல உக்காந்து பாத்து சிரிச்சது நான்தான். ஜப்பான்ல அது 1990ல பெரியவங்க படிக்கிற பத்திரிகைல வந்த காமிக்ஸ்னு காலேஜ் போன அப்புறம்தான் தெரியும். அந்த மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது.

பழைய ரிமோட்:
மைனா சிஸ், தப்பு கார்ட்டூன் மேல இல்ல. அந்தக் காலத்து டாம் அண்ட் ஜெர்ரி தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி போட்டது, பெரியவங்களும் உக்காந்து பாத்தாங்க. குழந்தைங்களுக்குன்னு நாமதான் பின்னாடி முடிவு பண்ணிக்கிட்டோம். நானும் டிவிடி வாங்கினப்பதான் பாத்தேன், குண்டு வெடிச்சதும் மூஞ்சி கருப்பாகி உதடு பெருசாகுமே, அது கருப்பின மக்களக் கேலி பண்றதுன்னு என் பையன்தான் சொன்னான், எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனா அதுக்காக எல்லாத்தயும் வெட்டக் கூடாது. 2006ல பிரிட்டன்ல ஒருத்தர் புகார் குடுத்தாருன்னு டாம் சிகரெட் பிடிக்கிற சீனத் தூக்க ஒத்துக்கிட்டாங்க, கோடாரியால தலைல போடுறத ஒண்ணும் சொல்லல, இது என்ன கணக்கு? நீங்க ஒண்ணு பண்ணுங்க, மொதல்ல ஆட்டோ ப்ளேய ஆஃப் பண்ணுங்க, அப்புறம் எத போட்டாலும் முன்னாடியே நீங்க முழுசாப் பாத்துருங்க, சாப்பிடும்போது போனே குடுக்காதீங்க, பசிச்சா தானா சாப்பிடும், பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு சீனுக்கும் ஏன் இப்படின்னு பேசுங்க, வாரத்துக்கு இவ்ளோ நேரம்னு ஒரு அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, எங்க வீட்ல...

எட்டாம் நம்பர் பஸ்:
ரிமோட் அண்ணே, அவங்க அட்டவணை கேக்கல. அப்புறம் கருப்பு மூஞ்சி சீன வெட்டுறதும் சிகரெட்ட வெட்டுறதும் ஒண்ணா? முந்தினது இன்னொரு மனுசன அசிங்கப்படுத்துறது.

மாடிப்படி மைனா:
ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க. ஆட்டோ ப்ளே பிரச்சன இல்ல ரிமோட் அண்ணா, நானேதான் தேடி எடுத்துப் போட்டேன். பாப்பாட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம "ரயில் நின்னுருச்சுடா"ன்னு சொல்லிட்டேன். மறுநாள் அவ ஆச்சிகிட்ட போய் "ரயில் டிரைவர் நல்லவரு ஆச்சி, பிரேக் போட்டுட்டாரு"ன்னு சொல்லிட்டு இருக்கா. ஆச்சி எந்த டிரைவருன்னு என்னையக் கேக்குறாங்க.