சார்ல்டன் காபி இல்லத்தின் திண்ணை

நெடுவழி:
அமெரிக்காவில், வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் 18-ஆம் நூற்றாண்டின் சார்ல்டன் காபி இல்லத்தை மறுபடியும் கட்டி 2009-இல் திறந்தார்கள். பழங்கால உடை அணிந்தவர்கள் பார்வையாளர்களை அழைத்துச் சென்று, இறுதியில் சிறு கோப்பையில் காபியோ தேநீரோ சாக்லேட் பானமோ தருகிறார்கள். புது மரத்தில் எழுப்பிய கட்டடத்தை வரலாறு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழந்தாள்:
நண்பரே, அது கற்பனைக் கட்டடம் அன்று. அகழாய்வில் வெளிப்பட்ட பழைய அடித்தளத்தின் மீதே எழுப்பப்பட்டது. முகப்புத் திண்ணைக்கும் எழுத்துச் சான்று உண்டு. அமெரிக்கக் குடியேற்றங்களின் ஆவணங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் பிரிட்டன் வரி விதித்த முத்திரை வரிச் சட்டம் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில், 1765 அக்டோபர் 30 அன்று, முத்திரைத்தாள் வழங்க லண்டனிலிருந்து வந்திறங்கிய ஜார்ஜ் மெர்சரைக் கூட்டம் இங்கே சூழ்ந்துகொண்டது. திண்ணையில் அமர்ந்திருந்த ஆளுநர் ஃபாக்கியர் இறங்கிவந்து, அவரைத் தம்முடன் பத்திரமாக அழைத்துச் சென்றார். மறுநாளே மெர்சர் பதவியைத் துறந்தார். இவ்வளவையும் ஆளுநரே மேலிடத்துக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். அந்தத் திண்ணையில் நிற்பவருக்கு, ஆளுநரிடமிருந்து கூட்டம் எத்தனை அடி தொலைவில் நின்றது என்பது கண்முன்னே விளங்கும். எந்த நூலும் அதைத் தருவதில்லை.

நெடுவழி:
திண்ணையைப் பற்றிய என் ஐயம் தீர்ந்தது. கோப்பையைப் பற்றியது தீரவில்லை. கரீபியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரை சேர்ந்துதான் அக்காலத்துச் சாக்லேட் இனித்தது. அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய வில்லியம்ஸ்பர்க்கின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். பிலடெல்பியாவில் 1754-இல் வில்லியம் பிராட்ஃபோர்ட் தொடங்கிய லண்டன் காபி இல்லத்தின் வாசலிலேயே மனிதர்கள் ஏலம் விடப்பட்டார்கள். உள்ளே வணிகர்கள் கப்பல் செய்தி பேசினார்கள், வெளியே விற்பனை நடந்தது. இவ்விரண்டையும் பிரித்துவைத்து எப்படிக் காட்ட முடியும்?

பழந்தாள்:
பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதே வில்லியம்ஸ்பர்க்கில் 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தையே நடித்துக் காட்டினார்கள். கறுப்பின அமைப்புகளிலிருந்தே கடும் எதிர்ப்பு வந்தபோதும், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுத் துறையினர் அதை முன்னின்று நடத்தினார்கள். மீட்டுருவாக்கத்தால் வலியையும் காட்ட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நெடுவழி:
அது ஒருநாள் நிகழ்ச்சி; நான் கேட்பது அன்றாட வழக்கத்தை. கோப்பையைக் கையில் கொடுக்கும் அந்த நொடியில், பருகுவதற்கு முன்பாகவே, அந்தச் சர்க்கரை யாருடைய உழைப்பில் விளைந்தது என்பதை ஒவ்வொரு பார்வையாளருக்கும் சொல்ல வேண்டும். அதைச் செய்தால் அந்த இல்லத்துக்காக நானும் வாதாடுவேன்.